வெயிலுக்கு ஒரு வேலை



போன வாரம் தபாலில் வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சற்று நேரம் பேனாவைக் கீழே வைக்கச் செய்துவிட்டது. எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பெயரும் ஊரும் வெளியில் வர வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"கையில் இரண்டு லட்ச ரூபாய் இருக்கிறது. என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். ஆபரேஷன் செய்தால் நல்லது என்கிறார் டாக்டர். நாளைக்கே செய்ய வேண்டும் என்பதில்லை என்றும் சொல்கிறார். மகனோ, 'அப்பா, மாடியில் சோலார் போட்டுவிடுங்கள். அப்புறம் கரண்ட் பில் என்கிற பேச்சே கிடையாது. மிச்சப்படும் பணத்தில் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்யலாம்' என்கிறான். அவள் வாயைத் திறக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று விடுகிறாள். நான் என்ன செய்யட்டும்?"

கூடவே மின்கட்டண ரசீதையும் மடித்து வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட்.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் குடியிருப்பது சென்னையில் ஒரு வாடகை வீட்டின் நடு மாடி. எனக்கு மேலே ஒரு குடித்தனம். அதற்கும் மேலே மொட்டை மாடி. அதன் சாவி வீட்டுக்காரரிடம். சூரிய பகவான் எனக்கும் சேர்த்துத்தான் உதிக்கிறார். ஆனால் என் வீட்டுக்குள் அவர் எட்டிப் பார்ப்பது காலை ஏழு மணிக்கு, சமையலறை ஜன்னல் வழியாக, ஒரு சாண் அகலத்துக்கு.

ஆகவே, பட்டு அறிந்தவர்களைக் கேட்டுப் பதில் எழுதலாம் என்று திருச்சிக்கு ரயில் ஏறினேன். உறையூரில் என் அத்தை வீட்டு மாடியில் இரண்டு வருஷமாக ஆறு சோலார் தகடுகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன.

* * *

அந்த மாடியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். என் சிறு வயதில் அது அத்தையின் தனி ராஜ்யம். சித்திரை பிறந்துவிட்டால் பழைய வேஷ்டியை விரித்து வடாம் பிழிய உட்கார்ந்துவிடுவாள். பத்து மணிக்குள் பிழிந்து முடிக்க வேண்டும். காக்கை ஓட்டும் உத்தியோகம் எனக்கு. சம்பளம், பாதி காய்ந்த வடாம் நாலு.

மாடியில் வெயில் எந்த மூலையில் முதலில் வரும், எந்த மூலையை விட்டுக் கடைசியில் போகும், பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் எத்தனை மணிக்கு எந்தச் செங்கல்லைத் தொடும், இவையெல்லாம் அத்தைக்கு மனப்பாடம்.

மாமா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கம்பெனியின் பிரதிநிதி வந்து, வர்ணப் படம் போட்ட காகிதங்களைக் கூடத்தில் பரப்பியிருக்கிறார். "முப்பது வருஷத்துக்குக் கரண்ட் பில்லே வராது சார்" என்று அடித்துப் பேசியிருக்கிறார். மாமா அன்றே முன்பணம் கொடுத்துவிட்டார். அத்தைக்குச் சமாசாரம் தெரிந்தது, இரும்புக் கால்கள் மாடி ஏறியபோதுதான்.

"என் வடாத்துக்கு எங்கே இடம்?" என்று அத்தை கேட்டாளாம்.

"கவலைப்படாதே. ஆளுயரத்துக்குத் தூக்கித்தான் மாட்டப் போகிறார்கள். அடியிலே நீ பாட்டுக்கு வடாம் போடு" என்றாராம் மாமா.

"நிழலிலே எந்த ஊரிலே வடாம் காயும்?"

இந்தக் கேள்விக்கு மாமாவிடமிருந்து இன்று வரை பதில் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. தகடுகளை எங்கே வைப்பது என்று அந்தப் பிரதிநிதி சாக்பீஸால் கோடு போட்டபோது, அத்தை எட்டிப் பார்த்து, "மூன்று மணிக்கு மேல் அங்கே தண்ணீர் டாங்கியின் நிழல் விழுமே!" என்றிருக்கிறாள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது பாட்டி" என்று அவர் சிரித்திருக்கிறார். ஆயிற்று! தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியால் கோத்திருப்பார்கள். தோட்டத்துக் குழாயை ஓர் இடத்தில் காலால் மிதித்தால் நுனியில் தண்ணீர் குறைகிறதல்லவா? அதைப் போல ஒரு தகட்டின் மேல் நிழல் விழுந்தால் மற்றவையும் சோர்ந்துபோகும். கடைசியில் தண்ணீர் டாங்கியை இடம் மாற்றினார்கள். அதற்குச் செலவு ஆறாயிரம் ரூபாய். வடாம் சாஸ்திரம் தெரிந்தவளைக் கேட்டிருந்தால் அது மிச்சமாகியிருக்கும்.

* * *

இந்தத் தகடு எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ல் எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர் கண்டார். ஒளி எப்படி எலெக்ட்ரான்களைத் தட்டி எழுப்புகிறது என்று விளக்கியதற்காகத்தான் ஐன்ஸ்டீனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் காரியத்துக்கு உதவும் தகடு பிறந்தது 1954 ஏப்ரல் 25-ல்தான். அன்று அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையார் சிலிக்கன் தகட்டில் வெயில் படச் செய்து, ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுழல வைத்துக் காட்டினார்கள். விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று மாடிகளில் மாட்டுகிற தகடுகள் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் தருகின்றன.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிவிட வேண்டும். "எங்கள் ஊர் வெயில் மண்டையைப் பிளக்கிறது, மின்சாரம் பொங்கி வழியும்" என்று பலர் நினைக்கிறார்கள். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் தகடு சூடேற ஏற, ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறமை நூற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. மே மாத நடுப்பகலில் தகட்டைத் தொட முடியாது. அப்போது அதன் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெப்பத்துக்கே பலி. தூசியும் காக்கை எச்சமும் சேர்ந்தால் இன்னும் குறையும். வாரத்துக்கு ஒரு தரம் விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். உச்சிவெயிலில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும்.

இத்தனைக்கும் பிறகு நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு நாலு யூனிட் தரும். நிழல் விழாத இடம் நூறு சதுர அடி வேண்டும். மாமா வீட்டில் இருப்பது மூன்று கிலோவாட். ஆகவே இரண்டு மாதத்துக்கு எழுநூறு யூனிட் சுமாருக்கு வருகிறது.

* * *

போட்ட மூன்றாம் வாரம். நல்ல பகல் பன்னிரண்டு மணி. மின்தடை வந்தது. தெருவே உஸ்ஸென்று அடங்கியது. மாமா மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது!

"மாடியிலே வெயில் காய்கிறது, கீழே விசிறி நின்றுவிட்டது. இதற்குத்தானா இத்தனை பணம்?" என்றாள் அத்தை.

மாமா கம்பெனிக்குப் போன் செய்து சத்தம் போட்டார். அங்கே எடுத்தவர் நிதானமாக, "அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் சொன்னது உண்மைதான்; முன்கூட்டியே சொல்லாததுதான் குற்றம். தெருக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார் அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோளாறைச் சரிசெய்ய மின்வாரியத் தொழிலாளி ஒருவர் கம்பத்தில் ஏறுகிறார். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைக்கிறார். நம் மாடியிலிருந்து மின்சாரம் அதில் ஓடிக்கொண்டிருந்தால்? அவர் வீட்டில் ஒரு விளக்கு அணைந்துவிடுமல்லவா? அதனால்தான் அந்த ஏற்பாடு. மின்தடையின்போதும் விசிறி சுற்ற வேண்டுமானால் பாட்டரியும், அதற்கு ஏற்ற இன்வர்ட்டரும் தனியாக வேண்டும். அதற்குச் செலவும் தனி.

இதைக் கேட்ட பிறகு அத்தை மின்தடையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பனைவிசிறியை எடுத்துக்கொள்கிறாள்.

* * *

இனி, கணக்குக்கு வருவோம். ஆசிரியர் ஐயா, இதைக் கவனமாகப் படியுங்கள்.

மாமாவுக்கு ஆன செலவு இரண்டு லட்ச ரூபாய். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுச் சோலார் திட்டத்தின்படி மானியம் உண்டு: ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000. ஆக, மாமாவின் கையை விட்டுப் போனது ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம்.

வந்தது என்ன? வீட்டில் கிழவரும் கிழவியும் இரண்டே பேர். கோடையில் ஓர் ஏ.ஸி. இரண்டு மாதத்துக்கு 420 யூனிட். முதல் நூறு யூனிட் இலவசம், அடுத்தது சலுகை விலை என்று போய், அவர் கட்டிவந்தது ஆயிரத்து முந்நூறு ரூபாய் சுமாருக்கு. வருஷத்துக்கு ஏழாயிரத்து எண்ணூறு. இதில் போட்ட பணத்தை எடுக்க எத்தனை வருஷம் ஆகும்? பதினாறு!

"போட்டபோது எனக்கு எழுபத்திரண்டு வயது. எண்பத்தெட்டாவது வயதில் லாபம் ஆரம்பம்" என்று சொல்லிச் சிரிக்கிறார் மாமா. சிரிப்பு முழுச் சிரிப்பாக இல்லை. நடுவில் இன்வர்ட்டரை ஒரு தரமாவது மாற்ற வேண்டி வரும் என்பதை அவருக்கு நான் நினைவூட்டவில்லை.

எதிர்வீட்டுக் கதை வேறு. அது கூட்டுக் குடும்பம். மூன்று ஏ.ஸி., பெரிய குளிர்ப்பெட்டி, இரண்டு மின்சார ஸ்கூட்டர். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ படி செங்குத்தாகிவிடும். அவர்கள் கட்டியது ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் சுமாருக்கு. அதே மூன்று கிலோவாட்டைப் போட்டார்கள். ரசீது இருநூறு ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். நாலு வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வருவது லாபம். தகடு இருபத்தைந்து வருஷம் உழைக்கும்.

அதே தகடு, அதே வெயில், அதே தெரு. வித்தியாசம் எங்கே? அங்கே வெயிலுக்கு வேலை இருந்தது. மாமா வீட்டில் இல்லை.

அத்தை இதைத் தன் பாஷையில் சொல்லிவிட்டாள்: "மாவு எவ்வளவு கரைத்திருக்கிறதோ, அதற்குத் தக்க வேஷ்டியை விரிக்கணும். மாடி பெரிசாக இருக்கிறது என்று ஊர் வேஷ்டியையெல்லாம் விரிப்பாளா ஒருத்தி?"

* * *

வேலை நிறைய இருந்தும் வெயில் கிடைக்காதவர்களும் உண்டு. தெருக்கோடியில் மாவு மில் வைத்திருக்கும் அண்ணாச்சியைப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கினால் மாலை ஆறு வரை ஓயாது. மிளகாய், மல்லி, கோதுமை, கேழ்வரகு. சூரியன் மாடியில் நிற்கிற அதே நேரத்தில்தான் கீழே மோட்டாரும் ஓடுகிறது. இதை விடப் பொருத்தம் உண்டா?

"நான் கேட்காமலா இருப்பேன், தம்பி?" என்றார். "கட்டடம் வாடகை. 'நாளைக்கு நீ காலி பண்ணினா, கூரையிலே போட்ட துளையை யார் அடைப்பா?' என்கிறார் ஓனர். பதினொரு மாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வருஷத் தகட்டை எங்கே மாட்டுவது?"

தம் சொந்தக் கூரையில் மாட்டும் தொழிற்சாலைகளுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. வீட்டு இணைப்புக்கு ஒரு விதி, கடைக்கு ஒரு விதி, ஆலைக்கு ஒரு விதி. மின்வாரியக் கம்பியோடு இணைந்திருப்பதற்காக விதிக்கும் 'நெட்வொர்க்' கட்டணத்தைக் குறித்துக் கோவை, திருப்பூர்ப் பக்கத்துச் சிறுதொழில்காரர்கள் நெடுநாளாக முறையிட்டு வந்தார்கள். 2023-ல் அரசு அதைச் சிறுதொழில்களுக்குப் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தது. ஆகவே கடையோ ஆலையோ வைத்திருப்பவர்கள் தகட்டின் விலையைக் கேட்பதற்கு முன்னால், உங்கள் இணைப்புக்கு எந்த விதி, மிச்ச மின்சாரத்துக்கு என்ன விலை என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பகலில் வேலையும் சொந்த இடமும் சேர்ந்திருந்தால் என்ன செய்யலாம் என்பதற்குக் கொச்சி விமான நிலையம் சாட்சி. 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சோலார் நிலையத்தைத் திறந்து, முழுக்கச் சூரிய சக்தியில் இயங்கும் உலகத்தின் முதல் விமான நிலையம் என்று பெயர் வாங்கியது. தகடுகளைக் கழுவுகிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று அவற்றின் நடுவே காய்கறியும் பயிரிடுகிறார்கள். இதை அத்தையிடம் சொன்னேன். "வெண்டைக்காய் நிழலிலே காய்க்குமா?" என்று கேட்டுவிட்டு, சற்று யோசித்து, "கீரை வரும்" என்றாள். அடுத்த தடவை போகும்போது மாடியில் கீரைத்தொட்டி இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

* * *

சரி, எதிர்காலம் எப்படி இருக்கும்?

வெயிலுக்குப் பஞ்சமில்லை, தகட்டுக்கும் பஞ்சமில்லை. நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் நிலையம் வந்துவிட்டது. நாடு முழுவதும் சேர்த்து 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டை எட்டினோம். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா மாடிகளும் ஒரே சமயத்தில் மின்சாரத்தைக் கம்பியில் கொட்டுகின்றன. மாலை ஏழு மணிக்கு எல்லா வீடுகளும் ஒரே சமயத்தில் விளக்கைப் போடுகின்றன. அப்போது சூரியன் இல்லை.

இப்போதைக்கு மாமாவுக்கு இது தெரியாது. அவருக்குக் கம்பி ஒரு பாங்கி மாதிரி. பகலில் போட்டதை இரவில் எடுத்துக்கொள்கிறார். ஆனால் எல்லோரும் மத்தியானத்தில் போட வந்து, எல்லோரும் இரவில் எடுக்க வந்தால் எந்தப் பாங்கிதான் அதே மதிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கும்? அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு சோலார் போட்டவர்களுக்கு, கம்பிக்குத் தரும் மின்சாரத்துக்கான வரவை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். அங்கே இப்போது தகடு வாங்குகிறவர்கள் பாட்டரியும் சேர்த்து வாங்குகிறார்கள்.

பாட்டரி விலை சரிந்துகொண்டே வருவது நல்ல செய்தி. லித்தியம் பாட்டரியில் ஒரு யூனிட்டைச் சேமிக்கும் கொள்ளளவுக்கு 2010-ல் ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. 2024-ல் 115 டாலர். குஜராத்தில் சூரியன் கோயிலுக்குப் பேர்பெற்ற மொதேரா கிராமத்தில், சுமார் 1,300 வீட்டு மாடிகளில் ஒவ்வொரு கிலோவாட்டும், ஊருக்கு வெளியே ஒரு நிலையமும், பெரிய பாட்டரியும் வைத்து, 2022 அக்டோபரில் அதை இரவும் பகலும் சூரிய சக்தியில் ஓடும் கிராமமாக அறிவித்தார்கள். இரவுக்கு வழி பாட்டரிதான் என்பது தெளிவு.

இன்னொரு வழி, செலவே இல்லாதது. வேலையைப் பகலுக்கு மாற்றுவது. 2023 ஜூனில் மத்திய அரசு மின் நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. வெயில் நேரத்து மின்சாரத்துக்கு விலை குறைவாகவும், உச்ச நேரத்துக்கு அதிகமாகவும் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். புது மீட்டர்கள் வர வர இது வீடுகளுக்கும் வந்து சேரும். அப்போது துணி துவைக்கும் இயந்திரத்தையும், கிரைண்டரையும், தண்ணீர் மோட்டாரையும் பதினொரு மணிக்கு ஓட விடுகிற குடும்பம் புத்திசாலிக் குடும்பம் என்று பெயர் வாங்கும். நம் பாட்டிமார்கள் வேறு என்ன செய்தார்கள்? வெயில் வரும் நேரத்துக்கு அல்லவா அவர்கள் வேலை காத்திருந்தது!

சரி, மாடியில்லாத என் போன்றவர்கள்? மில் அண்ணாச்சி? இதைத்தான் நான் ரயிலில் திரும்பும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். மானியம் ஜனங்களின் வரிப்பணம். அது மாடி உள்ளவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால், வாடகைக்காரன் தன் பங்கைக் கட்டி அடுத்தவர் வீட்டு விளக்கை ஏற்றுகிறவன் ஆகிவிடுகிறான்.

மனமிருந்தால் இதற்கும் வழி உண்டு. டில்லியில் 2019-லேயே ஒரு விதி செய்தார்கள். பல வீட்டார் சேர்ந்து, எங்கோ ஓரிடத்தில் தகடு மாட்டி, அதில் வருவதை ஒவ்வொருவரும் தம் தம் ரசீதில் கழித்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டு மாடியில் தகடு இருக்கிறது. பகலில் மிதமிஞ்சி வரும் மின்சாரத்தை என்ன செய்வதென்று பார்த்த அந்த அரசாங்கம், தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில மாநிலங்களில் வீடுகளுக்குப் பகலில் மூன்று மணி நேரம் இலவச மின்சாரம் என்று 2025 நவம்பரில் அறிவித்தது. வெயில் எல்லோருக்கும் பொது என்பதை ரசீதிலும் காட்ட முடியும் என்பதற்கு இது ஒரு அடையாளம். நம் ஊரில் இப்படிக் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும். வாடகைக்காரன் கேட்காமல் வீட்டுக்காரன் கேட்கப் போவதில்லை.

* * *

ஆசிரியர் ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய ரசீதில் 380 யூனிட். என் மாமாவுடையதை விடக் குறைவு. உங்கள் மகன் சொல்கிற மாதிரி ரசீது மறைந்து போனாலும், அந்த மிச்சத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டுமானால் உங்கள் மனைவி பல வருஷம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். முழங்காலை முதலில் பாருங்கள். மகன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவனும் அந்த வர்ணக் காகிதத்தைத்தான் பார்த்திருக்கிறான். இந்தக் கணக்கை அவனுக்குக் காட்டுங்கள்.

நாளைக்கு மகன் குடும்பம் உங்களோடு வந்து சேர்ந்து, ரசீது 500 யூனிட்டைத் தாண்டத் தொடங்கினால் அப்போது யோசியுங்கள். இப்போதைய மானியத் திட்டத்துக்கு 2026–27 நிதியாண்டு வரை என்று கெடு வைத்திருப்பதும் உண்மை. அதற்காக அவசரப்பட வேண்டாம். மானியம் போனாலும் தகட்டின் விலை நாளடைவில் இறங்கித்தான் வந்திருக்கிறது. முழங்கால் அப்படிக் காத்திருக்காது.

மற்ற நேயர்களுக்கும் இதுவேதான். கையெழுத்துப் போடுமுன் ஒரு வருஷத்து ரசீதுகளை எடுத்து வைத்துக் கூட்டிப் பாருங்கள். மாடியில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நின்று நிழலைப் பாருங்கள். மின்தடையில் ஓடுமா, யார் வந்து பழுது பார்ப்பார்கள், எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு, உங்கள் வேலைக்கு எத்தனை கிலோவாட் வேண்டுமோ அத்தனை மட்டும் போடுங்கள்.

நான் கிளம்புகிற அன்று காலை, மாமா தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடியின் தென்கிழக்கு மூலையில், தகட்டு நிழல் தொடாத நாலடிக்கு நாலடி இடத்தில், அத்தை வேஷ்டியை விரித்திருந்தாள். மாவும் அந்த அளவுக்குத்தான் கரைத்திருந்தாள்.

"பத்து மணிக்கு ரயில் என்றாயே? காக்கை ஓட்ட ஆள் இல்லையடா" என்றாள்.

அடுத்த ரயிலுக்குத்தான் வந்தேன், நேயர்களே. சம்பளம் வழக்கம்போல நாலு வடாம்.